பிறருக்காகச் செய்த ஜெபங்களில் உங்களை விட்டு அகலாத ஒரு மன்றாட்டு எது? வாசகர்கள் எழுதியவை

ஏற்காட்டுக்காரன்:
காப்பிப் பழம் பறிக்கும் பருவம். ஞாயிறு திருப்பலி, எஸ்டேட் பக்கத்துச் சிற்றாலயம். விசுவாசிகள் மன்றாட்டை, அதாவது பிறருக்காகச் சபையார் சேர்ந்து வேண்டும் பகுதியை, வாசித்தவர் பழம் பறிக்கும் அக்கா ஒருவர். மூட்டையில் எடை குறைவு என்று முந்தின வாரம்தான் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் அவருக்கு இரண்டு நாள் கூலியைப் பிடித்திருந்தார். மலையில் எல்லோருக்கும் தெரியும். அந்த ரைட்டரும் மூன்றாவது வரிசையில் இருந்தார்.

நோயாளிகள், மழையில் வீடு இழந்தவர்கள் என்று தாளில் இருந்ததை வாசித்து முடித்தார். தாளை மடித்தார். "எங்களுக்கு மேலே அதிகாரத்தில் இருப்பவர்களுக்காக. அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். எங்கள் மூட்டை அவர்கள் கண்ணுக்குச் சரியான எடையில் தெரிய வேண்டும்" என்றார்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று நாங்கள் சொல்ல வேண்டிய இடம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பழக்கறை ஏறிய அவர் விரல்கள் தாளின் மடிப்பை நீவிக்கொண்டே இருந்தன. கடைசியில் அவரே பதிலையும் சொல்லிவிட்டு இறங்கினார். ஆறு வருடமாகிறது. நானும் சொல்லவில்லை.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை:
நாங்கள் பெந்தெகொஸ்தே, தாளில் எழுதி வாசிக்கும் வழக்கம் இல்லை. அப்பாவுக்குப் பக்கவாதம், பேச்சு போய்விட்டது. சேலத்தில் ஒரு மருத்துவமனை வார்டு. கட்டில் கட்டிலாக ஜெபித்துக்கொண்டு வந்த வயதான அம்மா, அப்பாவுக்காக ஜெபித்து முடித்தும் நகரவில்லை. தலையைக் குனிந்து, விழுந்துபோன அவர் இடக்கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். "ஐயா, எனக்காக நீங்கள் ஜெபியுங்கள்" என்றார்.

அப்பாவிடமிருந்து ஒரு முனகல் வந்தது, அவ்வளவுதான். அந்த அம்மா "ஆமென்" என்றார். வாக்குக்கு அடங்காத பெருமூச்சு என்று பைபிளில் ரோமர் 8இல் வருகிறதே, அதை நான் காதால் கேட்டது அன்றைக்குத்தான். அப்பா மூன்றாம் நாள் போய்விட்டார். கடைசியாக ஒருவர் அவரிடம் ஏதாவது கேட்டது அதுதான்.

அஸ்தம்பட்டி வாசகர்:
ஏற்காட்டு நண்பரே, பதில் சொல்லாதது இருக்கட்டும். கூலி திரும்பக் கிடைத்ததா? அதை ஏன் எழுதவில்லை? எங்கள் சபையிலும் ஒருமுறை இப்படித்தான் ஜெபித்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனோம். இன்றும் உறுத்துகிறது.

அதிகாரத்தில் இருப்பவர்களுக்காக ஜெபிப்பது அவர்களைக் குளிர்விக்க அல்ல. 1 தீமோத்தேயு 2ஐ எடுத்துப் பாருங்கள்: ராஜாக்களுக்காக வேண்டச் சொல்லும் காரணமே, மக்கள் கலகமில்லாமல் அமைதியாகப் பிழைக்க வேண்டும் என்பதுதான். ஆதிச் சபையார் ரோமப் பேரரசனுக்காக ஜெபித்தார்கள். பேரரசனை வணங்கச் சொன்னபோது மறுத்துச் செத்தார்கள். சோதோம் நகரை அழிக்க வேண்டாம் என்று ஆபிரகாம் கடவுளிடம் 50 நீதிமான்களில் தொடங்கிப் 10 வரை பேரம் பேசினாரே, அதுவல்லவா பரிந்து பேசுவது! கத்தோலிக்கர்களின் புனித வெள்ளி மன்றாட்டுகள் பத்தில் ஒன்பதாவது ஆள்வோருக்கு, பத்தாவது துன்புறுவோருக்கு. இரண்டும் அடுத்தடுத்து நிற்பதைக் கவனியுங்கள். ஒரு நோட்டு வாங்குங்கள். இடப்பக்கம் யாருக்காக ஜெபிக்கிறீர்கள் என்று எழுதுங்கள். வலப்பக்கம் அவருக்காக யாரிடம் போய்ப் பேசினீர்கள் என்று எழுதுங்கள். வலப்பக்கம் காலியாக இருந்தால் மறுபடி இடப்பக்கம் எழுதாதீர்கள். அக்காவுக்காகத் தொழிலாளர் அலுவலகத்துக்கு ஒரு மனுவாவது எழுதியிருக்கலாம்.

ஏற்காட்டுக்காரன்:
கூலி கிடைக்கவில்லை. அடுத்த பருவத்துக்கு அக்கா வேலைக்கு வரவில்லை. எங்கே போனார் என்று விசாரிக்க எனக்கு முகம் இல்லை.

முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அந்த ரைட்டர் என் சித்தப்பா. மூன்றாவது வரிசையில் அவர் பக்கத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.