கோதுமை மாவில் மாம்பழ கேக்: நடுவில் மட்டும் வேகவே மாட்டேன் என்கிறது

அடுப்படிவாசி:
வீட்டில் மாம்பழம் குவிந்து கிடக்கிறது, ஜூஸ் போட்டும் தீரவில்லை. மைதா வேண்டாம், முட்டையும் கூடாது (மாமியார் சாப்பிட மாட்டார்). அதனால் ஒன்றரை கப் கோதுமை மாவு, ஒரு கப் மாம்பழக் கூழ், கால் கப் தயிர், எண்ணெய், நாட்டுச்சர்க்கரை எல்லாம் கலந்து ஓடிஜியில் (கேக் சுடும் மின்சார அடுப்பு) 180 டிகிரியில் 35 நிமிடம் வைக்கிறேன். மேலே சிவந்து வெடித்து அழகாக வருகிறது, வெட்டினால் நடுவில் களி மாதிரி. போட்ட பழத் துண்டெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பாதி மைதா கலந்துகொள் என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள்!

ஈயச்சொம்பு:
முதலில் கூழைக் கவனியுங்கள் தோழி. மிக்ஸியில் அடித்ததை அப்படியே ஊற்றினால் தண்ணீர் அதிகம், அகலமான வாணலியில் சின்னத் தீயில் கிளறி ஒரு கப் முக்கால் கப் ஆகும்வரை வற்றவிட்டு ஆறவையுங்கள், வாசனையும் தூக்கும். அப்புறம், கோதுமை மாவில் தவிடு இருப்பதால் ஈரத்தை மெதுவாகத்தான் இழுக்கும். இரண்டு ஸ்பூன் மாவை மட்டும் தனியே எடுத்துவைத்துவிட்டு மீதியைக் கூழ், தயிர், எண்ணெய், சர்க்கரையோடு கலந்து 15 நிமிடம் ஊறவிடுங்கள். எடுத்துவைத்த மாவில் ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கடைசியில் மேலே சலித்துவிட்டு, கரண்டியால் மடித்துக் கலந்து உடனே சூடான ஓடிஜிக்குள் வைத்துவிட வேண்டும். தயிரோடு சேர்ந்ததுமே சோடா நுரைக்க ஆரம்பித்துவிடும். மாவு அடிக்கும் மெஷின் (பீட்டர்) பக்கமே போகாதீர்கள், அடிக்க அடிக்க சவசவ என்று ஆகும்.

மாடிவீட்டுக்காரர்:
180 அதிகம். மேல் பக்கம் முதலில் இறுகிவிடுகிறது, உள்ளே வேகுமுன் சிவந்துவிடுகிறது. 160-ல் 50 நிமிடம் வரை விடுங்கள், மேலே நிறம் வந்ததும் அலுமினியத் தாளால் மூடுங்கள். குச்சி விட்டுப் பார்க்கும்போது பழத்தில் குத்தினாலும் ஈரமாகத்தான் வரும், இரண்டு மூன்று இடத்தில் குத்திப் பாருங்கள்.

கறிவேப்பிலை:
துண்டை மாவில் புரட்டினால் மூழ்காது என்பார்கள், கலவை நீர்க்க இருந்தால் என்ன புரட்டியும் மூழ்கும். சின்னதாக நறுக்கி, துணியில் ஒற்றி, டின்னில் ஊற்றியபின் மேலே தூவுங்கள், போதும். இன்னொன்று, நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான், வீட்டில் சுகர் உள்ளவர்களுக்கு "ஹெல்த்தி கேக்" என்று இரண்டு துண்டு வைத்துவிடாதீர்கள்.

அடுப்படிவாசி:
ரொம்ப நன்றி எல்லோருக்கும். இப்போது கையில் இருப்பது நீலம் வகை மாம்பழம்தான், பரவாயில்லையா? சீசன் முடிந்தால் இதே அளவில் சீத்தாப்பழம் போடலாமா?

ஈயச்சொம்பு:
நீலம் தாராளமாகப் போடலாம், கொட்டைப் பக்கம் வண்டு இருக்கிறதா என்று மட்டும் வெட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். சீத்தாப்பழம் வேண்டாம் தோழி, சூடு பட்டால் கசந்துவிடும். வேண்டுமானால் சாதா கேக் செய்து ஆறியபின் விழுதை மேலே தடவிக்கொள்ளுங்கள். அந்த மாதங்களில் கொய்யா வரும், விதை வடிகட்டிய கூழை இதே மாதிரி வற்றவைத்துப் போடுங்கள், நன்றாக வரும்.