வத்திக்கானில் குழுவோடு ஒரு நாள்: அந்த வலப்பக்கக் கதவு

குழுவோடு ரோம் போகிறவர்களுக்கு வத்திக்கானில் கிடைப்பது பெரும்பாலும் அரை நாள்தான். அருங்காட்சியகச் சுற்றின் கடைசியில் வரும் சிஸ்டைன் சிற்றாலயத்தில் பீடத்துக்கு முதுகைக் காட்டி நின்றால் எதிர்க்கோடியில் இரண்டு வழிகள். இடது வழி திரும்பவும் அருங்காட்சியகத்துக்குள். வலது கதவு நேரே புனித பேதுரு பேராலயத்துக்கு. அது வழிகாட்டியோடு வரும் குழுக்களுக்கு மட்டும். அதில் போனால் பேராலயத்தின் முன்சதுக்கத்துப் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்க வேண்டாம்; இல்லையென்றால் மதிலைச் சுற்றிக் கால் மணி நேரம் நடந்து, வெயிலில் வரிசையும் நிற்க வேண்டும். சில நாள் முன்னறிவிப்பில்லாமல் அந்தக் கதவைச் சாத்திவிடுவார்கள். வழிகாட்டியைத் திட்டிப் பயனில்லை.

இந்தக் கதவு வழியே போய் மாட்டிக்கொள்பவர்கள் பையை ஒப்படைத்தவர்கள். 40 x 35 x 15 செ.மீ.க்கு மேற்பட்ட பையை அருங்காட்சியக நுழைவாயிலில் வைத்துவிட்டுத்தான் போக விடுவார்கள். பேராலயத்துக்குள் இறங்கிவிட்டால் அந்தப் பைக்காக மறுபடி மதிலைச் சுற்ற வேண்டும். அருங்காட்சியகத்தில் வாடகைக்கு எடுத்த, விளக்கம் சொல்லும் ஒலிக்கருவிக்கும் இதே தொல்லை. தோளில் மாட்டும் சின்னப் பையோடு போங்கள், பெரியது பேருந்திலேயே இருக்கட்டும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சுடிதார், புடவைக்குச் சிக்கலில்லை. அரைக்கால் சட்டை போட்ட ஆண்கள்தான் உள்ளே போக முடியாமல் வாசலில் நிற்பார்கள்.

வழிகாட்டி அருங்காட்சியகத்தின் பீன்யா முற்றத்தில் சிற்றாலய ஓவியங்களின் படப்பலகை முன் நிறுத்தி நீளமாகப் பேசும்போது நழுவிப் போய்ப் படம் எடுக்காதீர்கள். சிற்றாலயத்துக்குள் அவர் பேசக்கூடாது, படமும் எடுக்கக்கூடாது. காவலர்கள் அடிக்கடி ‘சிலென்ஸியோ’ (அமைதி) என்று அதட்டுவார்கள் (அதட்டுவதுதான் பெரிய சத்தம்!). விதானம் 1508 முதல் 1512 வரை, பீடச் சுவரின் இறுதித் தீர்ப்பு 1536 முதல் 1541 வரை, இரண்டுமே மைக்கலாஞ்சலோ. இறுதித் தீர்ப்பில், தோலுரித்துக் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் இயேசுவின் சீடர் புனித பர்த்தலமேயு கையில் தொங்கும் உரித்த தோலைத் தேடுங்கள். அதிலுள்ள முகம் ஓவியருடையதே என்பது பொதுவான கருத்து. ஓரத்து இருக்கையில் இடம் கிடைத்தால் விடாதீர்கள், கழுத்து தப்பிக்கும்.

கிழமையையும் பாருங்கள். திருத்தந்தை (போப்) ரோமில் இருந்தால் புதன் காலை சதுக்கத்தில் பொதுச் சந்திப்பு நடக்கும். அது முடியும்வரை பேராலயத்துக்குள் போக முடியாது. ஞாயிறுகளில் அருங்காட்சியகம் விடுமுறை. மாதக் கடைசி ஞாயிறு மட்டும் திறந்திருக்கும், அதுவும் இலவசம், அன்று நெரிசலில் எதையும் நின்று பார்க்க முடியாது.

பேராலயத்தின் குவிமாடம் ஏற ஆசைப்படுபவர்களுக்கு: மொத்தம் 551 படி. மின்தூக்கியில் போனாலும் 320 படி மிச்சம். மேலே சுவர் சாய்ந்து வழி குறுகும், பாதியில் திரும்ப இடமில்லை. மூட்டுவலிக்காரர்களும் மூடிய இடத்தில் மூச்சுமுட்டுபவர்களும் கீழேயே இருப்பது நல்லது. ஏறி இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், பேருந்து ஏறும் இடத்தையும் நேரத்தையும் குழுத் தலைவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு ஏறுங்கள்.