புதுப்பிப்பு: மூட்டைப்பூச்சிக்கு மருந்தடிக்கும் செலவு யாருடையது?

வாடகை வீட்டில் மூட்டைப்பூச்சி வந்துவிட்டது, செலவு முழுக்க என் தலையில்தான் என்கிறார் வீட்டுக்காரர், என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மருந்தடிக்கும் செலவை அவரே ஏற்றுக்கொண்டார்.

"நீங்கள்தான் கொண்டுவந்தீர்கள்" என்பதிலேயே நின்றவர் அவர். மருந்தடிக்க வந்தவர் கட்டிலோடு நிற்காமல், பக்கத்து வீட்டை ஒட்டிய சுவரின் சுவிட்ச் பெட்டி மூடியையும் கழற்றினார். உள்ளே மூட்டைப்பூச்சியின் எச்சமான கறுப்புப் புள்ளிகள், அது உரித்துப்போட்ட தோல்கள். பக்கத்து வீட்டையும் பார்த்தாக வேண்டும் என்றார். பார்த்தால் அங்கே இன்னும் அதிகம்! அதற்கப்புறம் வீட்டுக்காரர் வாதாடவில்லை. பூச்சியைப் பார்த்தவுடனே படத்தோடு அவருக்கு எழுத்தில் தெரிவித்திருந்ததும் பெரிய உதவி. சட்டம் இடத்துக்கு இடம் மாறும், ஒப்பந்தத்தையும் படித்துவிடுங்கள். ஆனால் சுவர் தாண்டி வரும் பூச்சியை ஒரு குடித்தனக்காரர் தனியாக ஒழிக்கவே முடியாது. அதனால் இது உரிமையாளர் பொறுப்பு என்பதே என் உறுதியான கருத்து.

என் பங்கு வேலையும் இருந்தது, அது நியாயமும்கூட. துணிகளையெல்லாம் சூடான நீரில் துவைத்து, அதிக சூட்டில் உலர்த்தி, பைகளில் கட்டி வைத்தேன்.

பெரும்பாலான மருந்துகள் முட்டையைச் சரியாகக் கொல்வதில்லை. குஞ்சு பொரிக்க 6 முதல் 10 நாள் ஆகும் என்பதால் இரண்டாம் முறையும் அடிக்க வேண்டும்; அடுத்த வாரம் வருகிறார்கள். அதுவரை கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப்போட்டு அதிலேயே படுக்கச் சொல்லியிருக்கிறார் மருந்தடிக்க வந்தவர். வேறு அறைக்குப் போனால் பூச்சியும் பின்னாலேயே வருமாம்.