காரோ கின்டேரோ: நேரில் கேட்டதும் பார்த்ததும்

ஐடி வேலையாக மெக்சிகோவின் குவாடலஹாராவில் இருந்தவன் நான். வாடகைக்கு இருந்த வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் லோப்பே தெ வேகா தெரு. 1985 பிப்ரவரியில் மெக்சிகோ போதைக் கடத்தல் தலைவன் காரோ கின்டேரோவின் கும்பல், அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்பு அதிகாரி கிகி கமரேனாவை அடைத்து வைத்துச் சித்திரவதை செய்தது அந்தத் தெரு வீடு ஒன்றில்தான். மனைவியோடு மதியம் சாப்பிடலாம் என்று தூதரக அலுவலகத்தை விட்டு வெளியே வந்த மனிதரைத் தெருவிலேயே தூக்கிக்கொண்டு போனார்கள். சடலம் அடுத்த மாதம் மிச்சோவகான் மாநிலத்தில் கிடைத்தது. கூடவே அவருக்கு உதவிய விமானியின் சடலமும்.

எங்கள் வீட்டுக்கார அம்மாவுக்கு அப்போது இருபது வயது இருந்திருக்கும். காரோ கின்டேரோ பெயரை எடுத்தாலே குரலைத் தாழ்த்திவிடுவார், தன் வீட்டுச் சமையலறையில்கூட. கமரேனா கடத்தலுக்கு ஒரு வாரம் முன்னால் இரண்டு அமெரிக்கர்கள் சாப்பிடப் போன உணவகத்தில், அந்தக் கும்பல் அவர்களை உளவாளிகள் என்று நினைத்துக் கொன்றது. அதற்கப்புறம் தங்கச் சங்கிலியும் பூட்ஸுமாக நாலு பேர் உள்ளே வந்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிடுவோம் என்றார் அந்த அம்மா.

காரோ ஏன் அத்தனை வெறியில் இருந்தான் என்றால், 1984 நவம்பரில் சிவாவா மாநிலத்தில் அவனுடைய பிரம்மாண்டமான கஞ்சாத் தோட்டத்தை ராணுவம் எரித்தது. ராஞ்சோ புஃபாலோ என்பார்கள். அதற்குக் காரணம் கமரேனாதான் என்று கும்பல் நினைத்தது. ஆயிரக்கணக்கான கூலியாட்கள் வேலை செய்த இடம். மேலிடத்துக்குத் தெரியாமல் அப்படி ஒரு தோட்டம் நடந்திருக்காது, இது என் கணிப்பு. கமரேனா கடத்தலுக்குப் பின் குவாடலஹாரா விமான நிலையத்தில் போலீஸ் அவனை மறித்தது. ஆனால் அங்கிருந்த கமாண்டரே பேசிவிட்டு விமானம் ஏற விட்டார். பிறகு அந்த கமாண்டர் மேலேயே லஞ்ச வழக்கு. 1985 ஏப்ரலில் கோஸ்டா ரிக்காவில் காரோ பிடிபட்டான். 40 வருடத் தண்டனை.

எனக்குப் பிடித்த கதை ஒரு டாக்சிக்காரர் சொன்னது. ஊருக்கு வெளியே புவென்தே கிராந்தே சிறை வளாகத்தைத் தாண்டும்போது கையைக் காட்டினார். "இன்னொரு போதைக் கும்பல் தலைவன் சாப்போ 2001-இல் இங்கிருந்து அழுக்குத் துணி வண்டிக்குள் ஒளிந்து போனான் என்கிறார்கள். காரோவுக்கு அந்தக் கஷ்டமே இல்லை, காகிதத்தைக் காட்டி வாசல் வழியாகப் போனான்." உண்மைதான். 2013 ஆகஸ்ட் 9 விடியற்காலை, 28 வருடம் உள்ளே இருந்தபின் விடுதலை. வழக்கு மாநில நீதிமன்றத்தில் நடந்திருக்க வேண்டும், மத்திய நீதிமன்றத்தில் நடத்தியது தவறு என்று தீர்ப்பு. சில நாளில் புதுப் பிடிவாரண்ட் வந்தது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையே ரத்து செய்தது. ஆள் அதற்குள் மலையேறிவிட்டான்.

*

மறுமொழி, கலிஃபோர்னியாவிலிருந்து:

இங்கே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற நம்மவர்கள் எல்லோருக்கும் அக்டோபர் கடைசியில் வரும் சிவப்பு ரிப்பன் வாரம் (போதைப்பொருள் எதிர்ப்பு வாரம்) தெரியும். ஒரு நாள் பொருந்தாத சாக்ஸ், ஒரு நாள் பைஜாமா. என் பெண்ணுக்கு ரிப்பன் குத்தி விடும்போது அதை ஏதோ வேடிக்கை விழா என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் அலுவலகத்தில் கலெக்ஸிகோ ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். கமரேனா வளர்ந்த ஊர் அது. அவர்தான் சொன்னார், கமரேனா இறந்தபின் ஊர்க்காரர்கள் சிவப்பு ரிப்பன் அணிந்து தொடங்கியதே இந்த வாரம் என்று. இப்போது மகளுக்கு எவ்வளவு சொல்வது, எதை விடுவது என்று தெரியவில்லை. ஆறாம் வகுப்பு படிக்கிறாள். நீங்கள் யாராவது சொல்லியிருக்கிறீர்களா?

*

மறுமொழி, பயணக்காரன்:

அக்கா, எனக்குப் பிள்ளைகள் இல்லை, அதற்குப் பதில் தெரியாது. ஆனால் காரோ ஒளிந்திருந்த பக்கம் போயிருக்கிறேன். லோஸ் மோச்சிஸிலிருந்து சிவாவா வரை எல் சேப்பே ரயில் ஓடுகிறதே, அதில். எல் ஃபுவெர்தே தாண்டியதும் முள்காடு, வறண்ட குன்று, பிறகு பள்ளத்தாக்கு. சோய்ஷ் பக்கம் மலை எழும்புகிறது. டிவி தொடர்களில் காட்டுகிற மாளிகை, நீச்சல்குளம் எல்லாம் மறந்துவிடுங்கள். தலைக்கு அமெரிக்கா 20 மில்லியன் டாலர் அறிவித்தபின் அவன் வாழ்ந்த வாழ்க்கை அந்தப் புதர்களில்தான். 2016-இல் ஒரு பத்திரிகையாளரைச் சந்தித்து, கமரேனா குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டான், கொலையை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. தொழிலை விட்டுவிட்டேன் என்றும் சொன்னான். அமெரிக்கா நம்பவில்லை. சொனோராவில் கபோர்க்கா ஊரைச் சுற்றி நடந்த கும்பல் சண்டைகளைப் பார்த்தால் நானும் நம்ப மாட்டேன்.

2022 ஜூலை 15, சோய்ஷ் பகுதியில் கடற்படை வீரர்கள் பிடித்தார்கள். பிடித்தது என்பதைவிட, மேக்ஸ் என்ற பெண் நாய் புதருக்குள் மோப்பம் பிடித்தது என்பது சரி. ஆளுக்கு 69 வயது. அதே நாள் லோஸ் மோச்சிஸில் கடற்படை ஹெலிகாப்டர் விழுந்து 14 வீரர்கள் இறந்தார்கள். எங்கள் வழிகாட்டி காரோவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அந்தப் பதினான்கு பேரைப் பற்றித்தான் பேசினார்.

*

மறுபடி நான்:

பின்கதையும் சொல்லிவிடுகிறேன். 2025 பிப்ரவரியில் மெக்சிகோ ஒரே நாளில் 29 பேரை அமெரிக்காவுக்கு அனுப்பியது, அவர்களில் இவனும் ஒருவன். கமரேனாவின் சொந்தக் கைவிலங்கையே அவனுக்கு மாட்டினார்கள். வழக்கு நியூயார்க்கின் ப்ரூக்ளினில். மரண தண்டனை கேட்கப்போவதில்லை என்று ஆகஸ்டில் அரசுத் தரப்பு சொல்லிவிட்டது.

வீட்டுக்கார அம்மாவோடு இன்னும் வாட்ஸப் தொடர்பு உண்டு. செய்தியை அனுப்பினேன். அவருக்கு ஒரே கேள்விதான்: அந்த 20 மில்லியனை நாய்க்குக் கொடுத்தார்களா?