பின்னக் கூட்டலில் தடுமாறும் மாணவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது?

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். கணிதத்தில் பின்தங்கியுள்ள சில ஆறாம் வகுப்பு மாணவர்களுக்குப் பின்னங்களைக் கற்பிப்பது குறித்து உங்கள் ஆலோசனையை வேண்டுகிறேன். 1/2 + 1/3 என்பதற்கு இவர்கள் தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டி 2/5 என எழுதுகிறார்கள். 2/5 என்பது 1/2-ஐ விடச் சிறியதாயிற்றே, கூட்டினால் எப்படிக் குறையும் என்று கேட்டால் விழிக்கிறார்கள். பின்னத்தை ஓர் எண்ணாகவே அவர்கள் காணவில்லை என்று கருதுகிறேன்.

அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களில் முன்வைத்த, செயலிலிருந்து படத்துக்கும் படத்திலிருந்து குறியீட்டுக்கும் செல்லும் வரிசையைப் பின்பற்றி, சம நீளக் காகிதப் பட்டைகளை ஆறு சம பாகங்களாக மடிக்கச் செய்தபோது, 3/6-உம் 2/6-உம் சேர்ந்து 5/6 ஆவதைத் தாங்களே கண்டறிந்தார்கள். பட்டையை எடுத்துவிட்டுக் கரும்பலகையில் எழுதியதும் மீண்டும் 2/5 தான். (மீச்சிறு பொது மடங்கு விதியை மனப்பாடம் செய்யவைத்தால் தேர்வில் தப்பிக்கலாம், அதில் எனக்கு உடன்பாடில்லை.)

பட்டையிலிருந்து எண்கோட்டுக்கும் அங்கிருந்து குறியீட்டுக்கும் நகர்த்த எத்தகைய இடைநிலைப் பயிற்சிகள் உங்களுக்குப் பயன்பட்டன? கணக்கிடும் முன் விடை பாதியை விடப் பெரியதா, ஒன்றை விடச் சிறியதா என மதிப்பிடச் சொல்வதை யாரேனும் தொடர்ந்து செய்து பார்த்திருக்கிறீர்களா? பெருக்கல் வாய்பாடும் உறுதியாக இல்லாத மாணவருக்கு எதை முதலில் எடுப்பது என்பதையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.