விடுதிக்குச் செல்லும் அக்கா மகளுக்கு என்னென்ன பழக்கிவிட வேண்டும்?

அனைவருக்கும் வணக்கம். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த என் அக்கா மகள், அடுத்த மாதம் திருச்சியில் கல்லூரி விடுதியில் சேரவிருக்கிறாள். புதுமைப் பெண் திட்டத்தின்கீழ் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே வரவாகும் என்பதால், முதன்முறையாகப் பணம் அவள் பொறுப்புக்கு வருகிறது. இதுவரை வங்கிச் சலானை அக்காதான் நிரப்புவார். காட்டிய இடத்தில் இவள் கையெழுத்து மட்டும் போடுவாள். 18 வயது நிறைந்ததும் மைனர் கணக்கை மாற்ற ஆதாருடன் வங்கிக்குச் செல்ல வேண்டும், வாக்காளர் பட்டியலில் சேரப் படிவம் 6 கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் நானே விளக்கிவிட்டேன்.

எனக்குப் பிடிபடாதது வேறு. எதையும் வீட்டில் கேட்டே செய்து பழகிய பிள்ளை, நள்ளிரவில் காய்ச்சல் வந்தாலோ, அறைத்தோழி கைமாற்றாகப் பணம் கேட்டாலோ, யாரேனும் ஓடிபி கேட்டு அழைத்தாலோ தானாக முடிவெடுக்க வேண்டுமே என்பதுதான் கவலை. தினமும் அழைத்து விசாரித்தால் எங்களையே சார்ந்திருப்பாளோ, விட்டுவிட்டால் தவித்துப்போவாளோ என்று அக்காவும் தூக்கமின்றி இருக்கிறார்.

பிள்ளைகளை விடுதிக்கு அனுப்பிய பெற்றோரும், விடுதியில் தங்கிப் படித்தவர்களும், இந்த ஒரு மாதத்துக்குள் அவளுக்கு எவற்றைப் பழக்க வேண்டும், எவற்றை அவளாகவே கற்றுக்கொள்ள விட்டுவிடலாம் என்று எழுதினால் பேருதவியாக இருக்கும்.