ட்ரை ராக் போட்டு 6 மாசம் ஆச்சு, கோரலைன் ஒரு புள்ளி கூட வரல

கடல்குதிரை200:
வணக்கம் நண்பர்களே. 200 லிட்டர் ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கிற கடல் தண்ணி தொட்டி), முழுக்க ட்ரை ராக் (உயிர் எதுவும் இல்லாத காஞ்ச பாறை) போட்டு ஆரம்பிச்சு இப்ப 6 மாசம் ஆகுது. பழுப்பு டயட்டம் வந்து போச்சு, பச்சை முடிப்பாசி வந்து பாதி போச்சு, ஆனா எல்லாரும் போட்டோ போட்டு வெறுப்பேத்துற அந்த, பாறை மேல பூச்சு மாதிரி படர்ற பிங்க் பர்ப்பிள் கோரலைன் மட்டும் எட்டிக்கூட பாக்கல. பாறை இன்னும் சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரியே நிக்குது. கோரலைனுக்கு கால்சியம் வேணும்னு எங்கயோ படிச்சதால 2 மாசமா தினமும் கால்சியம் ஊத்துறேன், கேஹெச் (தண்ணியோட காரத்தன்மை அளவு) இறங்கிட்டே போகுதுன்னு கூடவே அத ஏத்துற பஃபரும் ஊத்துறேன். நேத்து டெஸ்ட் பண்ணது இது: கால்சியம் 450, கேஹெச் 6.5, மெக்னீசியம் 1180, பாஸ்பேட் 0.2, டெம்பரேச்சர் 26. உப்பு ரிஃப்ராக்டோமீட்டர்ல (உப்பளவு பாக்கிற கருவி) 35 காட்டுது. வெளிச்சம் பத்தலையோன்னு போன வாரம் லைட்டையும் ஏத்தி வெச்சாச்சு. இன்னும் என்ன ஊத்தணும்னு சொல்லுங்க.

பாறைநண்டு:
இன்னும் எதுவும் ஊத்தாதீங்க ப்ரோ, ஊத்துறதுதான் இங்க பிரச்சனையே. கால்சியமும் பஃபரும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா உடனே ஊத்துறீங்களா? அப்ப தண்ணி கொஞ்ச நேரம் பால் கலந்த மாதிரி ஆகுதா? ஹீட்டர் மேல, பம்ப் மேல வெள்ளையா சொரசொரன்னு ஏதாவது படிஞ்சிருக்கா பாருங்க. ஆமான்னா நீங்க ஊத்துறது ரெண்டும் தொட்டிக்குள்ளயே சேர்ந்து கால்சியம் கார்பனேட்டா விழுந்துடுது, கோரலைனுக்குப் போய் சேரல. மெக்னீசியம்தான் தண்ணில இப்படி சும்மா படியாம தடுத்து வெக்கிற ஆளு, அது உங்ககிட்ட 1180ல கிடக்கு. நிஜக் கடல் தண்ணில சுமார் 1290 இருக்கும்.

அதவிட எனக்கு இடிக்கிற விஷயம், உப்பு 35 இருந்தா மெக்னீசியம் ஏன் இவ்ளோ கம்மி? ரிஃப்ராக்டோமீட்டர எத வெச்சு செட் பண்ணீங்க? ஆர்ஓ தண்ணி வெச்சு 0க்கு கொண்டு வந்தீங்கன்னா அத நம்பாதீங்க, 35 பிபிடி (ஆயிரத்துல 35 பங்கு உப்பு) கேலிப்ரேஷன் தண்ணி ஒரு சொட்டு விட்டு பாருங்க.

சங்குமாமா:
நண்டு சொல்றது எல்லாம் சரி, ஆனா யாருமே கேக்காத ஒண்ண நான் கேக்குறேன் தம்பி. இந்த 6 மாசத்துல வேற பழைய ரீஃப் தொட்டில இருந்து ஏதாவது உள்ள வந்திருக்கா? ஒரு துண்டு லைவ் ராக் (உயிர் ஒட்டியிருக்கிற பாறை), ஒரு ஃப்ராக் பிளக் (பவளத் துண்டு ஒட்டின சின்ன அடிக்கட்டை), ஒரு நத்தை? எதுவும் இல்லன்னா விதைக்காத வயலுக்கு உரம் போட்டுட்டு முளைக்கலையேன்னு உக்காந்திருக்கீங்க. கோரலைனும் ஒரு பாசிதான், சிவப்புப் பாசி வகை, ஸ்போர் வந்து ஒட்டினாத்தான் உண்டு. ட்ரை ராக்ல எல்லாம் செத்து காஞ்சு வந்திருக்கும், அதுல இருந்து தானா வராது.

எனக்கு முதல் தொட்டில எப்படி வந்துச்சுன்னா, ஒரு நண்பர் கொடுத்த ட்ரோக்கஸ் நத்தை, அதோட ஓடு முழுக்க பர்ப்பிள். அது ராத்திரி பூரா கண்ணாடி மேல ஊர்ந்துச்சு, 3 மாசம் கழிச்சு பின் கண்ணாடில புள்ளி புள்ளியா வந்துச்சு. நத்தை செத்தப்புறமும் ஓட்ட எடுக்கல, அப்படியே போட்டு வெச்சிருக்கேன். யாராவது கண்ணாடி சுரண்டும்போது விழுற துகள வாங்கிட்டு வந்து பவர்ஹெட் (தொட்டிக்குள்ள ஓட்டம் குடுக்கிற பம்ப்) முன்னாடி விட்டாலும் வேலை செய்யும், ஆனா அவங்க தொட்டில ஐப்டேசியா (பரவித் தொல்லை தர்ற சின்ன அனிமோன்) இருந்தா அதுவும் இலவசமா வரும், பாத்து வாங்குங்க.

லைட்ட ஏத்தினது தப்பு. 1984ல பஹாமாஸ் பக்கம் 268 மீட்டர் ஆழத்துல கோரலைன் வளர்றத கண்டுபிடிச்சாங்க, அங்க என்ன பெரிய வெளிச்சம் இருந்திருக்கப் போகுது. எல்லா வகையும் அப்படி இல்ல, ரீஃப் உச்சில வெயில்லயே வளர்ற வகையும் உண்டு. ஆனா நம்ம தொட்டிக்கு வர்றது பெரும்பாலும் நிழல்லதான் முதல்ல பிடிக்கும், திடீர்னு லைட்ட ஏத்தினா வெளுத்துப் போகும். நீங்க ஏத்தின லைட்டு வளர்க்கிறது அந்த முடிப்பாசியத்தான்.

அலைபாயும்_பம்ப்:
நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. வரலன்னு அழறீங்க, வந்ததுக்கு அப்புறம் நாங்க அழறோம். என் ரிட்டர்ன் பம்ப் ஒரு நாள் கர்ருன்னு சத்தம் போட்டு நின்னுடுச்சு, கழட்டி பாத்தா இம்பெல்லர் முழுக்க பர்ப்பிள் கல்லு. வினிகர்ல ஒரு ராத்திரி ஊற வெச்சப்புறம்தான் சுத்த ஆரம்பிச்சுது. வாரா வாரம் முன் கண்ணாடில பிளேடு போடணும் (அக்ரிலிக் தொட்டிக்காரங்க பிளேட கிட்டயே கொண்டு போகாதீங்க, பிளாஸ்டிக் கார்டுதான்). பவளம் கம்மியா இருந்தாலும் தொட்டி பூரா கோரலைன் பிடிச்சா அதுவே கேஹெச்ச குடிக்கும், டோஸிங் கணக்கு தினம் மாறும். அழகுக்கு வளர்க்கலாம், அது இல்லன்னா தொட்டி ஃபெயில்னு நினைக்காதீங்க. இன்னொண்ணு, அர்ச்சின் (கடல் முள்ளெலி) விட்டுடாதீங்க, அது கோரலைனையும் சேத்து சுரண்டித் தின்னும், போன வழி பூரா வெள்ளை வெள்ளையா கோடு விழும்.

கடல்குதிரை200:
எல்லாருக்கும் நன்றி. நண்டு அண்ணா, நீங்க பக்கத்துல நின்னு பாத்த மாதிரி சொல்றீங்க. ஆமா ரெண்டும் ஒரே நேரத்துலதான் ஊத்துவேன், 10 நிமிஷம் பால் மாதிரி இருக்கும், அது நார்மல்னு நினைச்சேன். ஹீட்டர் கண்ணாடில நகத்தால கீறினா தகடா பேந்து வருது. கேலிப்ரேஷன் தண்ணி வாங்கி விட்டு பாத்தேன், 38 காட்டுது, அப்ப என் தொட்டி நிஜமா 32தான்! பழைய தொட்டில இருந்து ஒண்ணும் வரல சங்கு மாமா, பயந்துட்டு பவளத்தக் கூட பிளக்க உடைச்சுட்டுதான் வெச்சேன். ஒரு சந்தேகம், மணல் ஓரத்துல கருஞ்சிவப்பா ஏதோ படர்ந்திருக்கு, அது கோரலைன் இல்லையா?

பாறைநண்டு:
ஒரு பைப்பெட்டால ஊதிப் பாருங்க. தோல் மாதிரி மொத்தமா எழுந்து வந்தா சயனோ (சயனோபாக்டீரியா படலம்), கோரலைன் இல்ல. கோரலைன் கல்லு மாதிரி, நகம் போட்டாலும் லேசுல வராது. நீங்க சொல்ற இடத்துக்கு சயனோதான், மணல் ஓரத்துல ஓட்டம் கம்மி.

32ல இருந்து 35க்கு ஒரே நாள்ல ஏத்தாதீங்க. ஆவியாகுற தண்ணிக்கு ஆர்ஓ தண்ணிக்கு பதிலா உப்புத்தண்ணி ஊத்திட்டு வாங்க, சில நாள்ல தானா ஏறும். 1180ம் அதோட சேந்து 1290 பக்கம் வந்துடும், மெக்னீசியம் தனியா வாங்க வேண்டாம். கால்சியம் டோஸிங் இப்போதைக்கு வேணாம், ஏற்கனவே ஜாஸ்தி. கேஹெச் மட்டும் மெதுவா 8க்கு கொண்டு வாங்க. பாறை போக உங்க தொட்டில நிஜ தண்ணி ஒரு 170 லிட்டர் இருக்கும்னு வெச்சுக்கோங்க, சமையல் சோடா 5 கிராம் ஆர்ஓ தண்ணில கரைச்சு ஊத்தினா சுமார் 1 டிகேஹெச் ஏறும். ஒரு நாளைக்கு அதுக்கு மேல வேணாம். பின்னாடி கால்சியம் தேவைப்பட்டா காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, அதுவும் நல்ல ஓட்டம் இருக்கிற இடத்துல. பாஸ்பேட்ட 0.1க்கு கீழ கொண்டு வாங்க, ஜாஸ்தியா இருந்தா சுண்ணாம்பு கட்டுறதயே தடுக்கும், ட்ரை ராக்ல இருந்தே கூட கசியலாம்.

கடல்குதிரை200:
அப்டேட், 11 வாரம் கழிச்சு. உப்பு 35, கேஹெச் 8.2லயே நிக்குது, கால்சியம் 430, பாஸ்பேட் 0.06. லைட்ட பழைய அளவுக்கு இறக்கிட்டேன். ஒருத்தர் தொட்டில இருந்து பர்ப்பிள் ஓடு இருக்கிற 2 நத்தையும் உள்ளங்கை அளவு லைவ் ராக் ஒண்ணும் வாங்கி வெச்சேன். இன்னிக்கு பவர்ஹெட்ட கழட்டினப்ப மேக்னட் பின்னாடி, வெளிச்சமே படாத பக்கம், கடுகு அளவுல 4 வட்டம். மூணு பிங்க், ஒண்ணு வெளிறின மாதிரி. நகம் போட்டு பாத்தேன், வரல. பாறைல இன்னும் ஒண்ணும் இல்ல.

சங்குமாமா:
நகத்த எடுங்க தம்பி.

அலைபாயும்_பம்ப்:
பம்ப்ல இருந்துதான் ஆரம்பிக்குதா, வாழ்த்துக்கள், வினிகர் வாங்கி வெச்சுக்கோங்க.